வாசலில் போட்ட கையெழுத்து: மாடித் தளப் பூச்சு ஒப்பந்தம் ஒன்று ரத்தான விதம்

காட்பாடியை ஒட்டிய ஒரு குடியிருப்பில் 2024 ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்த விவகாரம் இது. வீடு தேடி வந்த ஆட்களிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளே வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு குடும்பம் என்ன செய்தது, எதில் தப்பியது, எதில் சறுக்கியது என்பதைத் தேதி வரிசையில் தருகிறோம். ஆட்களின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

## பின்னணி

வீட்டு உரிமையாளர் 57 வயதுப் பெண். கணவர் இறந்து 6 ஆண்டாகிறது. குடும்ப ஓய்வூதியம், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் வருமானம், கணவர் காலத்தில் போட்ட வைப்புத்தொகை. இவ்வளவுதான் கையிருப்பு. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார்.

வீடு 1998-ல் கட்டியது. ஒரே தளம். மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்த மொட்டைமாடி. நீளம் 30 அடி, அகலம் 28 அடி, ஆக 840 சதுர அடி. கைப்பிடிச் சுவர் 3 அடி உயரம். மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது. தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வராமலே மேலே ஏறிவிடலாம்.

மாடியில் இரண்டு தொந்தரவுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சமையலறை மூலையில் ஓதம் இறங்கி, சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வரும். சித்திரை வந்தால் வேலூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம், ராத்திரி 10 மணிக்கும் மின்விசிறி அனல்காற்றைத்தான் தள்ளும். ஒழுகலும் சூடும் வேறு வேறு காரணத்தால் வருபவை, இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. விற்க வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசியதில்தான் முதல் குழப்பம் ஆரம்பித்தது.

## ஏப்ரல் 25, வியாழன்

பிற்பகல் 3 மணிக்கு நிறுவனப் பெயர் அச்சிட்ட சட்டையோடு இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். “இந்தத் தெருவுல மாடி இன்ஸ்பெக்‌ஷன் நடக்குது ஆண்ட்டி, காசு எதுவும் இல்ல” என்று சொல்லி மேலே போனார்கள். ஒரு தட்டோட்டின் மேல் வெள்ளைப் பூச்சை உள்ளங்கை அகலத்துக்குத் தடவினார்கள். அது காய்ந்ததும், கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியைக் காட்டினார்கள். வெறும் ஓட்டில் 57 டிகிரி, வெள்ளையில் 42.

அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. எந்த வெள்ளைப் பரப்பும் வெயிலைத் திருப்பி அனுப்பும், வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த எண்ணுக்கும் ஒழுகலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இணைப்பு விட்டுப்போன ஓட்டின் மேல் பூச்சு அடித்தால், உள்ளே தங்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பும். ஒரு மழைக்காலம் போனால் தோல் உரிவது போல் உரிந்துவிடும்.

பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. மூன்று வாக்குறுதிகள் தரப்பட்டன: 10 ஆண்டு உத்தரவாதம், அரசின் 40 சதவீத மானியம் 3 மாதத்தில் கணக்கில் ஏறும், இந்த விலை இன்று மட்டும். மானியத்தைப் பற்றி விற்பனையாளர் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் அனுப்பினார். வற்புறுத்தலுக்காக அவர் அனுப்பிய அந்தப் பதிவுதான் பிறகு அந்தப் பெண்ணின் கையில் இருந்த மிக வலுவான சான்றானது.

ஒப்பந்தக் கணக்கு இது. பரப்பு 1,310 சதுர அடி, சதுர அடிக்கு 110 ரூபாய், மொத்தம் 1,44,100. “தள்ளுபடி” 14,100 போக 1,30,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் 23,400. ஆக 1,53,400 ரூபாய். செலுத்தியது மூன்று வழியில்: முன்பணம் 15,000 யுபிஐ மூலம், 60,000-க்கு ஒரு செயலி வழியாகக் கடன், மீதி 78,400-க்கு மே 10 தேதியிட்ட காசோலை. கடனுக்கான ஓடிபி எண்களை விற்பனையாளரே அந்தப் பெண்ணின் போனை வாங்கி அடித்தார். மாலை 6.40-க்குக் கடன் தொகை அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் ஏறியது. செயலாக்கக் கட்டணம் 1,416 பிடித்துக்கொண்டு 58,584 வந்தது. “நாளைக்குக் காலைல இதை எங்க கணக்குக்கு அனுப்பிடுங்க ஆண்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை 29-ந்தேதி திங்கட்கிழமை தொடங்கும் என்று தாளில் எழுதியிருந்தது.

## ஏப்ரல் 26 காலை: தாளில் தெரிந்தவை

இரவு மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். மகன் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, காலையில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கண்ணில் பட்டவை:

பரப்பளவு. தளம் 840. கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் முழுவதையும் சேர்த்தால்கூட சுற்றளவு 116 அடி பெருக்கல் 3 அடி, 348 சதுர அடிதான். இரண்டும் சேர்ந்து 1,188. மீதி 122 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று தாளில் இல்லை. பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றினால் போதும், 3 அடி முழுக்க அடிப்பது ஒழுகலுக்கு உதவாத கூடுதல் பரப்பு.

உத்தரவாதம். வாயால் சொன்ன 10 ஆண்டு, தாளில் “பூச்சுப் பொருளுக்கு உற்பத்தியாளரின் நிபந்தனைப்படி” என்று சுருங்கியிருந்தது. வேலைக்கு உத்தரவாதம் எங்கும் இல்லை. மானியம் என்ற சொல்லே இல்லை.

ஜிஎஸ்டி எண். 15 இலக்கமும் இருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தபோது பதிவு ரத்தானதாகக் காட்டியது. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது. 23,400 ரூபாயை எந்த உரிமையில் கேட்டார்கள் என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. யுபிஐ போன கணக்கும் நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது.

ரத்துப் பிரிவு. “வாடிக்கையாளர் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது, மொத்தத் தொகையில் 30 சதவீதம் செலுத்த வேண்டும்.” அதாவது 46,020 ரூபாய்.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

வாசலில் போட்ட கையெழுத்தை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அந்த மகனும் அப்படித்தான் நினைத்திருந்தார். இந்தியாவில் எல்லா வீட்டுவாசல் விற்பனைக்கும் பொருந்தும் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. 2021-ன் நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்க்கும் வலைப்பின்னல் வழியே பொருள் விற்கும் நிறுவனங்களுக்கானவை, வீட்டுக்கு வந்து ஒப்பந்த வேலை பிடிக்கும் ஒரு நிறுவனத்தை அவற்றுக்குள் கொண்டுவருவது கடினம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் வரும் 30 நாள் கணக்கும் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதைப் பற்றியது. மனம் மாறியதற்கான உரிமை அதில் கிடையாது.

ஆகவே பிடி வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பொய்யான தகவலால் பெற்ற சம்மதம் என்றால் பிரிவு 19-ன்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். இதில் ஒரு கொக்கி உண்டு. சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், வெறும் தவறான தகவல் என்ற வாதம் நிற்காது. வேண்டுமென்றே சொன்ன பொய் என்று காட்டினால் அந்த விதிவிலக்கு குறுக்கே வராது. கடிதத்தில் “தவறாகச் சொன்னார்கள்” என்பதோடு நிறுத்தாமல், “பொய் என்று தெரிந்தே சொன்னார்கள்” என்று எழுதியது இதனால்தான். 30 சதவீதத்துக்குப் பிரிவு 74 பதில் சொல்கிறது: தாளில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. வேலையே தொடங்காத நிலையில் 46,020 ரூபாய்க்கு என்ன இழப்பு என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

எதை முதலில் செய்வது என்பதைக் கிழமைதான் தீர்மானித்தது. அன்று வெள்ளி. மறுநாள் மாதத்தின் நான்காவது சனி, வங்கி விடுமுறை. அதற்கடுத்து ஞாயிறு. திங்கள் காலை ஆட்கள் வந்துவிடுவார்கள்.

முதலில் கடன். கடனின் முக்கிய விவரத் தாளில் விலகல் காலம் 3 நாள் என்று இருந்தது. ரிசர்வ் வங்கியின் 2022 செப்டம்பர் வழிகாட்டுதல்படி, ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள டிஜிட்டல் கடனுக்கு அப்போது குறைந்தபட்சம் அதுதான். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். செயலியில் “கடனை முடி” என்ற பொத்தான் எங்கும் இல்லை. விவரத் தாளில் இருந்த குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு எழுதி, போனிலும் பிடித்த பிறகு, மாலை 4 மணிக்குப் பணம் கட்டும் இணைப்பு வந்தது. கட்டியது அசல் 60,000, வட்டி 85. பிடித்த 1,416 திரும்பவில்லை. அது விவரத் தாளிலேயே எழுதியிருந்ததால் கேட்க வழியும் இல்லை. கடன் முடிந்த சான்றிதழ் 9 நாள் கழித்து வந்தது. தானாகத் தவணை பிடிக்கும் வங்கி ஆணையை அவர்கள் நீக்கவில்லை. வங்கியில் தனியாகச் சொல்லித்தான் நீக்க வேண்டியிருந்தது.

கடன் தொகையை அன்று காலை அவர்கள் கணக்குக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு. கடனை முடிக்கக் கையிலிருந்து 60,000 கட்டிவிட்டு, அதே 60,000-ஐ விற்பனையாளரிடம் துரத்த வேண்டியிருக்கும். இந்த வழக்கில் தப்பித்த பெரிய தொகை இதுதான்.

இரண்டாவதாக, காசோலை. பிற்பகல் 2 மணிக்கு வங்கிக் கிளையில் எழுத்துமூலம் நிறுத்த உத்தரவு தரப்பட்டது. கட்டணம் 118 ரூபாய். முத்திரையிட்ட நகல் கேட்டு வாங்கினார்கள்.

காசோலையை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது ஆபத்து. நிறுத்த உத்தரவால் திரும்பும் காசோலையும் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-ன் 138-ம் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதே சமயம், கணக்கில் போதிய பணம் இருந்தது, கொடுக்க வேண்டிய கடன் எதுவும் இல்லாததால்தான் நிறுத்தினேன் என்று காட்ட முடிந்தால் அது வலுவான எதிர்வாதம். அந்தப் பெண்ணின் கணக்கில் 78,400 இல்லை. மே முதல் வாரம் 1,00,000 ரூபாய் வைப்புத்தொகையை முன்கூட்டியே முடித்து அந்தக் கணக்கிலேயே போட்டு வைத்தார். வட்டியில் 640 ரூபாய் போயிற்று. கொடுக்கப் போகாத பணத்துக்கு எதற்கு வைப்பை உடைக்க வேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். சரியான முடிவு என்றே சொல்வோம்.

மூன்றாவதாக, ரத்துக் கடிதம். வெள்ளி இரவு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போனது. சனிக்கிழமை தபால் நிலையம் உண்டு என்பதால், ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு முகவரிக்கும் ஸ்பீட் போஸ்டில் போனது. ஒரு பக்கக் கடிதம். அதன் நடுப்பகுதி:

“அரசு மானியம் 40 சதவீதம் கிடைக்கும் என்று பொய் எனத் தெரிந்தே கூறியும், பரப்பளவை மிகுத்துக் காட்டியும், ரத்தான ஜிஎஸ்டி எண்ணில் வரி சேர்த்தும் என் சம்மதத்தைப் பெற்றுள்ளீர்கள். எனவே மேற்படி ஒப்பந்தத்தை இக்கடிதம் மூலம் ரத்து செய்கிறேன். இதுவரை வேலை எதுவும் தொடங்கவில்லை, பொருள் எதுவும் இறக்கவில்லை. முன்பணம் ரூ.15,000-ஐ 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். காசோலைக்கு நிறுத்த உத்தரவு கொடுத்துள்ளேன்; அதை வங்கியில் போடாமல் திருப்பி அனுப்பவும். என் வீட்டில் வேலை செய்ய உங்கள் ஆட்களுக்கு அனுமதி இல்லை.”

கடைசி வாக்கியத்தை எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் சேர்க்கச் சொன்னார். அது இல்லாவிட்டால் திங்கட்கிழமை நடந்ததற்கு வேறு அர்த்தம் வந்திருக்கும்.

## ஏப்ரல் 29, திங்கள்: ஆட்கள் வந்தது

காலை 8.15. தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அந்தப் பெண் திரும்பி வரும்போது, மாடியில் உளிச் சத்தம். இரண்டு வேலையாட்கள், 20 லிட்டர் வாளி ஐந்து. சமையலறை மூலையில் தட்டோடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாணாம்ப்பா, நிறுத்துங்க. கேன்சல் பண்ணி லெட்டர் போட்டாச்சு.”

“எங்களுக்குத் தெரியாதும்மா, சூப்பர்வைசர்தான் அனுப்பினாரு.”

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. போனை எடுத்து வீடியோ பிடித்தபடியே, தேதியையும் நேரத்தையும் சொல்லி, வேலையை நிறுத்தச் சொன்னார். எதிர் வீட்டுக்காரரும் மேலே வந்தார். வேலையாட்கள் கூலிக்கு வந்தவர்கள், அவர்கள்மேல் தப்பில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். பெயர்ந்த ஓடுகள் 14.

வேலை தொடங்கிவிட்டது, பொருள் இறங்கிவிட்டது என்று ஒரு புகைப்படம் எடுத்துவிட்டால், செய்த வேலைக்குக் கூலி என்று கேட்க இடம் கிடைக்கும். கடிதம் போன பிறகும் ஆட்களை அனுப்பியதற்கு வேறு காரணம் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

வாளிகளை விட்டுவிட்டுப் போனார்கள். இங்கே அந்தக் குடும்பம் நல்ல வேலை ஒன்று செய்தது. வாளிகளைத் தொட்டுத் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் லேபிளையும் படம் எடுத்தார்கள். அது வெளிச்சுவருக்கு அடிக்கும் சாதாரண எமல்ஷன், தளத்துக்கான நீர்காப்புப் பூச்சு அல்ல என்பது லேபிளிலேயே இருந்தது. படிக்கட்டின் கீழ் நிழலில் வைத்துவிட்டு, “வந்து எடுத்துச் செல்லவும்” என்று அன்றே செய்தி அனுப்பினார்கள். ஒப்பந்தத்தைத் தள்ளுபவர் அதன் மூலம் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 64. கோபத்தில் அந்தப் பூச்சை எடுத்து அடித்திருந்தால் ரத்தே கேள்விக்குள்ளாகியிருக்கும். மூன்று வாரம் கழித்து ஓர் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார்.

## காசோலையும் வக்கீல் நோட்டீசும்

மே 13 காசோலை வங்கியில் போடப்பட்டது. மறுநாள் “கொடுத்தவர் நிறுத்தியுள்ளார்” என்ற காரணத்தோடு திரும்பியது. மே 30 வக்கீல் நோட்டீஸ் வந்தது: 15 நாளில் 78,400 தராவிட்டால் குற்ற வழக்கு. கூடவே ரத்துக் கட்டணம் 46,020.

நோட்டீஸ் வந்த அன்று அந்தப் பெண் சாப்பிடவில்லை என்று மகன் சொன்னார். “ஜெயில்” என்ற சொல் அதில் இருந்தது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து பணம் கட்டிவிடுகிறார்கள்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தின் பிரிவு 12 அதைத் தருகிறது. நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஜூன் 7 பதில் நோட்டீஸ் அனுப்பினார். இணைத்தவை: ஏப்ரல் 26 ரத்துக் கடிதம், ஸ்பீட் போஸ்ட் சேர்ந்ததற்கான பக்கம், நிறுத்த உத்தரவின் முத்திரையிட்ட நகல், மே 10 முதல் 14 வரை கணக்கில் போதிய இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கை. வேலை நடக்காத ஒப்பந்தத்துக்குக் கடனே இல்லை என்பது வாதம்.

நோட்டீஸ் கிடைத்து 15 நாள் முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஜூலை நடுவில் அந்தக் காலம் முடிந்தது. சம்மன் வரவில்லை. தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்க முடியும் என்பதால் முழு நிம்மதி அப்போது கிடைக்கவில்லை.

## 15,000 ரூபாய் திரும்பிய வழி

மே மாதமே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவானது. நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது, பதில் இல்லை. உதவி எண் சமரசத்துக்கு மட்டுமே, அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது.

ஜூலை 22 வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இணையவழி மனு. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பது 2019 சட்டத்தின் பெரிய வசதி. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்ததால் இது இல்லாவிட்டால் முடங்கியிருக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. மனுவின் முதல் வரைவில் மகன் “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று தலைப்பிட்டிருந்தார். அந்தத் தலைப்பில் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. வழக்கறிஞர் அதை “நியாயமற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு” என்று மாற்றினார். மாற்றாமல் போயிருந்தால் எண் போடும் கட்டத்திலேயே திரும்பியிருக்கும்.

மானியக் குரல் பதிவு, திங்கட்கிழமை வீடியோ, வாளி லேபிள் படங்கள் பென் டிரைவில் போயின, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழோடு. அதுவரை அந்தப் பெண் போனை மாற்றவில்லை, அந்த உரையாடலை அழிக்கவில்லை.

ஆணையத்தின் நோட்டீஸ் போனதும், மாதக்கணக்கில் போனை எடுக்காதவர்கள் தாங்களே அழைத்தார்கள். “புகாரை வாபஸ் வாங்குங்க, பணம் மறுநாள் போடுறோம்.” மகன் ஒப்புக்கொள்ளவில்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம் விசாரணை நாளன்று 15,000 ரூபாய் கணக்கில் ஏறியது, அசல் காசோலை கைக்கு வந்தது, 46,020 கேட்கமாட்டோம் என்று எழுதிய சமரச மனு தாக்கலானது. அதன் பிறகே புகார் முடித்து வைக்கப்பட்டது. பெயர்த்த ஓடுகளுக்கு அவர்கள் எதுவும் தரவில்லை. அதற்காக வழக்கை நீட்டிக்க அந்தப் பெண் விரும்பவில்லை.

கைவிட்டுப் போனது: கடன் கட்டணம் 1,416, வட்டி 85, வைப்பு உடைத்ததில் 640, நிறுத்த உத்தரவு 118, தபால் 240, ஓடு பதித்த கூலி 2,600. மொத்தம் 5,099 ரூபாய்.

## மாடிக்கு என்ன ஆனது

ஜூன் மாதம் உள்ளூர் மேஸ்திரி ஒருவர் பார்த்தார். பூச்சு பற்றிப் பேசும் முன், மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, களிமண் வரம்பு கட்டி, 2 அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டார். ஈரம் இறங்கியது ஒரே இடத்தில், குழாய் வாய் தளத்தோடு சேரும் விளிம்பில். குழாயைச் சுற்றியிருந்த கலவை விரிசல் விட்டு, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் போய்ச் சமையலறை மூலைக்கு நகர்ந்திருக்கிறது. மாடி முழுக்கப் பூச்சு அடித்திருந்தாலும் அந்த விரிசல் அப்படியேதான் இருந்திருக்கும்.

விளிம்பை வெட்டி எடுத்து, நீர்காப்பு சேர்த்த கலவையால் அடைத்து, அந்த மூலையில் 10 அடிக்கு 12 அடி இணைப்புகளைச் சுரண்டி நிரப்பி, பெயர்ந்த 14 ஓடுகளையும் பதித்து, வாட்டம் சரிபார்த்தார். ஓட்டுக் கூலி 2,600 உட்பட மொத்தம் 9,400 ரூபாய். சூட்டுக்கு மாடி முழுக்கச் சுண்ணாம்பு இரண்டு கை. ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். ஐப்பசி மழையில் சமையலறைச் சுவர் உலர்ந்திருந்தது.

## மறுபடி நேர்ந்தால் மாற வேண்டியவை

தெருக்கதவுக்கு ஞாயிறு இரவே பூட்டுப் போட்டிருக்க வேண்டும். அனுமதி இல்லை என்று எழுதியது சரி. ஆனால் வெளிப்படிக்கட்டு திறந்தே கிடந்ததால் 14 ஓடுகள் போயின.

ரத்துக் கடிதத்தின் நகலை சூப்பர்வைசர் எண்ணுக்கும் அனுப்பியிருக்கலாம். விற்பனையாளருக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே போனது. “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மே மாதமே போயிருக்கலாம். காசோலை விவகாரம் முடியட்டும் என்று ஜூலை வரை காத்திருந்ததற்குச் சட்டத்தில் தேவை எதுவும் இல்லை. இரண்டும் தனித்தனிப் பாதை, ஒன்றையொன்று தடுக்காது. முன்பே போயிருந்தால் அந்தப் பெண் இரண்டு மாதம் தபால்காரரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

போனை அடுத்தவர் கையில் கொடுத்தது பெரிய தவறு. கடனின் முக்கிய விவரத் தாள் ஓடிபி கேட்கும் முன் திரையில் வந்திருக்கிறது. விற்பனையாளர் அதை நொடியில் தள்ளிவிட்டார். படித்திருந்தால் கடன் பெற்றதே நடந்திருக்காது.

கடைசியாக, இன்று இதே நிலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம். ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிட்டல் கடன் உத்தரவுகளில் விலகல் காலத்தின் குறைந்தபட்சம் ஒரு நாளாகிவிட்டது. எத்தனை நாள் என்பதைக் கடன் தரும் நிறுவனமே தீர்மானிக்கும், விவரத் தாளில் எழுதியிருக்கும். இந்தக் குடும்பத்துக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இருந்தது. ஒரு நாள் மட்டுமே தரும் கடனாக இருந்திருந்தால், வெள்ளி மாலை 4 மணிக்கு வந்த அந்த இணைப்பில் 6.40-க்குள் பணம் கட்டியாக வேண்டியிருந்திருக்கும்.